கால் வலிக்குக் காலணி என்ன செய்யும்?

"காலில் வலி, எந்தச் செருப்பு வாங்கலாம்?" என்று கேட்கிறவர்கள் நிறையப் பேர். கேள்வி சரியானதுதான். ஆனால் பதில் சொல்வதற்கு முன்னால் வலி எங்கே என்று தெரிய வேண்டும். குதிகாலிலா, விரல்களுக்குக் கீழேயா, பெருவிரல் மூட்டிலா? இடம் மாறினால் பதிலும் மாறும். ஒருவருக்குச் சுகமாக இருக்கும் காலணி இன்னொருவருக்கு வலியைக் கூட்டிவிடுவதும் இதனால்தான்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காலணி மருந்து கிடையாது. உடம்பின் எடை பாதத்தின் எந்த இடத்தில் எவ்வளவு விழுகிறது என்பதை அது மாற்றுகிறது, அவ்வளவுதான். நொந்துபோன இடத்திலிருந்து பாரத்தை எடுத்துத் தெம்பாக இருக்கும் இடத்துக்குக் கொடுத்தால், நொந்த இடம் ஆறுவதற்கு அவகாசம் கிடைக்கும். இது மனதில் பதிந்துவிட்டால் எதை வாங்கலாம், எதைத் தொடவே வேண்டாம் என்பதைப் பெரும்பாலும் நீங்களே முடிவு செய்துவிடலாம்.

பாதம் எடையைத் தாங்கும் விதம்

ஒரு பாதத்தில் 26 எலும்புகள், 33 மூட்டுகள். இரண்டு பாதங்களிலும் சேர்த்து 52 எலும்புகள். உடம்பில் மொத்தமே 206தான் என்பதால், நான்கில் ஒரு பங்கு பாதங்களிலேயே இருக்கிறது. இத்தனை துண்டுகள் எதற்கு என்றால், பாதம் ஒன்றுக்கொன்று எதிரான இரண்டு வேலைகளைச் செய்ய வேண்டியிருக்கிறது. குதிகால் தரையில் பட்டதும் அது இளகிக்கொடுத்து, மேடுபள்ளத்துக்கு ஏற்ப வளைந்து, அதிர்வை வாங்கிக்கொள்ள வேண்டும். அதே பாதம் ஒரு நொடி ஆவதற்குள் விறைத்துக்கொண்டு உடம்பை முன்னால் தள்ள வேண்டும். இளகவே தெரியாத பாதத்துக்கு முதல் வேலை கஷ்டம். விறைக்க முடியாத பாதத்துக்கு இரண்டாவது வேலை கஷ்டம்.

உள்ளங்காலில் பள்ளமாகத் தெரிவது உள்பக்க வளைவு. வெளிப்பக்கம் தாழ்வாக இன்னொரு வளைவும், விரல்களுக்குப் பின்னால் குறுக்கே ஒன்றும் உண்டு. உள்பக்க வளைவுக்கு அடியில், குதிகால் எலும்பிலிருந்து விரல்களின் அடிவரை ஒரு தடித்த நார்ப்பட்டை ஓடுகிறது. வில்லுக்கு நாண் எப்படியோ, அப்படித்தான் வளைவுக்கு இந்தப் பட்டை. மருத்துவத்தில் இதைப் பிளாண்டர் ஃபேசியா என்பார்கள். இங்கே உள்ளங்கால் பட்டை என்றே வைத்துக்கொள்வோம்.

இப்போது உட்கார்ந்திருக்கிறீர்கள் என்றால் பாதத்தைத் தரையில் ஊன்றி, பெருவிரலை மட்டும் கையால் மேலே தூக்கிப் பாருங்கள். பெரும்பாலானவர்களுக்கு உள்பக்க வளைவு எழும்புவது கண்ணுக்கே தெரியும். விரல் மேல்நோக்கி மடங்கும்போது அந்தப் பட்டை விரலின் அடிமூட்டைச் சுற்றி இழுபடுகிறது. குதிகாலும் முன்பாதமும் ஒன்றையொன்று நெருங்க, வளைவு உயர்ந்து பாதம் இறுகுகிறது. ஜே. எச். ஹிக்ஸ் என்பவர் 1954இல் இதை விளக்கி எழுதினார். நாம் நடக்கும்போது ஒவ்வோர் அடியின் முடிவிலும், குதிகால் எழும்பி விரல்கள் மடங்கும் நேரத்தில் இதுதான் நடக்கிறது. அதனால் விரல்கள் மடங்கும் இடத்தில்தான் காலணியும் மடங்க வேண்டும். கொஞ்சம் கீழே காலணியை வளைத்துப் பார்க்கச் சொல்லப்போகிறேன். காரணம் இதுதான்.

சாதாரணமாக நடக்கும்போதே தரை நம் பாதத்தைத் திருப்பித் தள்ளும் விசை உடல் எடையைவிடச் சற்று அதிகம், ஏறக்குறைய 1.2 மடங்கு. ஓடும்போது அது 2 முதல் 3 மடங்குவரை போகும். ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்கான அடிகள் வைக்கிறோம். ஒரே இடத்தில் கொஞ்சம் கூடுதலாக அழுத்தம் விழுந்தாலும், சில மாதங்களில் அந்த இடம் சொல்லிவிடும்.

காலையில் எழுந்ததும் குத்தும் குதிகால்

பாத வலிகளில் அதிகம் பார்க்கப்படுவது இதுதான். படுக்கையிலிருந்து எழுந்து முதல் அடி வைத்ததும் குதிகாலின் அடியில், சற்று உள்பக்கமாக, ஊசி ஏற்றுவது மாதிரி ஒரு வலி. பத்துப் பதினைந்து அடி நடந்தால் குறையும். மதியம் வரை பரவாயில்லை. நெடுநேரம் உட்கார்ந்துவிட்டு எழுந்தால் மறுபடியும் குத்தும், மாலையில் நின்று நின்று களைத்த பிறகு மந்தமாக வலிக்கும். இந்த வரிசை அப்படியே பொருந்தினால், பெரும்பாலும் உள்ளங்கால் பட்டை குதிகால் எலும்பில் ஒட்டும் இடத்தில்தான் பிரச்சினை.

இரவெல்லாம் பாதம் கீழ்நோக்கித் தொங்கியபடி ஓய்வாக இருக்கிறது. பட்டையும் தளர்ந்து, சுருங்கின நிலையில் கிடக்கிறது. காலையில் மொத்த எடையும் சட்டென்று ஏறும்போது அது இழுபடுகிறது. ஏற்கெனவே நொந்திருக்கும் இடம் என்பதால் அந்த இழுப்பைத் தாங்குவதில்லை. நீண்ட நேரம் கடினமான தரையில் நிற்கும் வேலை, உடல் எடை கூடியிருப்பது, கெண்டைக்கால் தசை இறுகியிருப்பது, நடையையோ ஓட்டத்தையோ திடீரென்று கூட்டியது ஆகியவைதான் வழக்கமான காரணங்கள். இவற்றில் கெண்டைக்காலைப் பலர் கவனிப்பதே இல்லை. அது இறுகியிருந்தால் கணுக்கால் போதிய அளவு மடங்காது. மடங்காத பங்கைப் பாதத்தின் நடுப்பகுதி வளைந்து ஈடுகட்டும், அந்த இழுப்பு பட்டையில்தான் போய் விழும்.

எக்ஸ்ரே எடுத்தால் சிலருக்குக் குதிகால் எலும்பில் முள் மாதிரி ஒரு நீட்சி தெரியும். அதைப் பார்த்துப் பயந்துபோகிறவர்கள் அதிகம், "எலும்பு வளர்ந்திருக்கிறதாம், வெட்டி எடுத்தால்தான் சரியாகுமாம்" என்று. வலியே இல்லாத எத்தனையோ பேருடைய குதிகாலிலும் இந்த முள் இருக்கிறது. முள் அப்படியே இருக்க, வலி மட்டும் போய்விடுவதும் சகஜம். எக்ஸ்ரே படத்தை வைத்து மட்டும் அறுவை சிகிச்சைக்குப் போக வேண்டியதில்லை என்பது என் உறுதியான கருத்து. பெரும்பாலானவர்களுக்கு ஓர் ஆண்டுக்குள் அறுவை இல்லாமலே சரியாகிவிடுகிறது. பொறுமைதான் வேண்டும்.

செய்ய வேண்டியது என்ன? காலையில் கால் தரையில் படும் முன்பே, படுக்கையில் உட்கார்ந்து வலிக்கும் காலை மற்றத் தொடைமேல் போட்டுக்கொள்ளுங்கள். விரல்களைக் கையால் பிடித்து முழங்கால் பக்கமாக மடக்கி இழுங்கள். உள்ளங்காலில் பட்டை கம்பி மாதிரி விறைப்பது மற்றக் கையின் விரலுக்குத் தட்டுப்படும். பத்து நொடி பிடித்து விடுங்கள், பத்து முறை. இதை நாளுக்கு மூன்று வேளை செய்யலாம். அப்புறம் கெண்டைக்காலுக்கு: சுவரில் கைகளை ஊன்றி, வலிக்கும் காலைப் பின்னால் வைத்து, முழங்காலை நீட்டி, குதிகாலைத் தரையிலிருந்து எடுக்காமல் முன்னால் சாய்ந்து அரை நிமிடம் நில்லுங்கள்.

காலணி இங்கே என்ன உதவி செய்யும்? குதிகால் பக்கம் முன்பக்கத்தைவிட ஒன்று அல்லது இரண்டு சென்டிமீட்டர் உயரமாக இருந்தால் கெண்டைக்காலின் இழுப்பு குறையும். உள்பக்க வளைவை உள்சோல் தொட்டுத் தாங்கினால் எடையில் ஒரு பங்கு குதிகாலிலிருந்து நடுப்பாதத்துக்கு மாறும். குதிகாலைச் சுற்றிப் பிடிக்கும் கிண்ணம் போன்ற அமைப்பு இருந்தால், குதிகாலுக்கு அடியில் உள்ள கொழுப்பு மெத்தை பக்கவாட்டில் பிதுங்காமல் நேர் கீழே நிற்கும். வலி இருக்கும் மாதங்களில் வீட்டுக்குள்ளும் இப்படிப்பட்ட ஒரு ஜோடியை வைத்துக்கொண்டு, கடினமான தரையில் வெறுங்காலோடு நிற்பதைத் தவிர்ப்பது நல்லது. தட்டையான, மெல்லிய சோல் வைத்த செருப்பில் நாள் முழுக்க இருந்துவிட்டு, காலையும் மாலையும் பயிற்சி மட்டும் செய்தால் குணமாவது தள்ளிக்கொண்டே போகும்.

முன்பாதத்தில் வரும் தொல்லைகள்

குதிகால் உயரமான காலணியில் எடை எங்கே போகிறது என்பதை ஓர் ஆய்வில் அளந்து பார்த்தார்கள். குதிகால் 1 அங்குலம் உயர்ந்தால் முன்பாதத்தில் அழுத்தம் 22 சதவீதம் கூடுகிறது. 2 அங்குலத்துக்கு 57, 3 அங்குலத்துக்கு 76 சதவீதம். முன்பக்கம் கூர்மையாகவும் இருந்துவிட்டால், இந்தக் கூடுதல் எடையோடு விரல்களும் நெருக்கப்படுகின்றன.

பெருவிரல் மற்ற விரல்களை நோக்கிச் சாய்ந்து, அதன் அடிமூட்டு உள்பக்கமாகப் புடைத்துக்கொண்டு வருவதைப் பார்த்திருப்பீர்கள். ஹாலக்ஸ் வால்கஸ் என்று பெயர். பரம்பரை வாகும் இதில் உண்டு, பெண்களுக்கு அதிகம் வருகிறது. காலணியின் பங்கு எவ்வளவு என்பதை 1958இல் வெளிவந்த ஹாங்காங் ஆய்வு ஒன்று காட்டியது. காலணி போட்டுப் பழகியவர்களில் 33 சதவீதம் பேருக்கு இந்தக் கோணல் இருந்தது. போடாமலே வாழ்ந்தவர்களில் 2 சதவீதத்துக்கும் குறைவு. கோணல் வந்த பிறகு அகலமான காலணிக்கு மாறினால் எலும்பு நேராகிவிடாது. ஆனால் உரசல் குறையும், வீக்கம் வடியும், பலருக்கு அதுவே போதுமானதாக இருக்கும். இரவில் விரலை இழுத்துப் பிடிக்கும் பட்டைகளைக் கோணலை நிமிர்த்தும் என்று சொல்லி விற்கிறார்கள். போட்டிருக்கும்வரை கொஞ்சம் இதமாக இருக்கலாம், வளர்ந்த ஒருவரின் கோணலை நிரந்தரமாக நிமிர்த்தும் என்று நம்பிப் பணத்தைக் கொட்ட வேண்டாம்.

நடக்கும்போது விரல்களுக்குக் கீழே கூழாங்கல்லை மிதிக்கிற மாதிரி இருக்கிறது, காலணியைக் கழற்றிப் பார்த்தால் ஒன்றும் இல்லை. இப்படிச் சொல்கிறவர்களுக்குப் பெரும்பாலும் மூன்றாவது, நான்காவது விரல்களுக்கு நடுவே ஓடும் நரம்பு தடித்திருக்கும். மார்ட்டன் நியூரோமா என்பார்கள். காலணியைக் கழற்றி விரல்களை நீவிவிட்டால் வலி குறைகிறது என்பதே ஒரு நல்ல தடயம். விரல் பக்கம் அகலமாக உள்ள, குதிகால் தாழ்ந்த காலணிக்கு மாறினாலே பலருக்கு நிம்மதி கிடைக்கும். முன்பாதத்தில் ஒரு சிறு மேட்டுத் துண்டை ஒட்டியும் கொடுப்பார்கள். அது வலிக்கும் இடத்துக்கு நேர் கீழே இருக்கக் கூடாது, சற்றுப் பின்னால் இருக்க வேண்டும். பின்னால் வைத்தால் எலும்புகள் எழும்பி விரிந்து நரம்புக்கு இடம் கிடைக்கும். நேர் கீழே வைத்தால் நொந்த இடத்தை மேலும் நசுக்கும். ஒரு சென்டிமீட்டர் வித்தியாசம்தான், ஆனால் பலன் நேர்எதிர்.

கால் ஆணியும் காய்ப்பும் தோல் தன்னைக் காத்துக்கொள்ளத் தடிப்பதால் வருபவை. பிளேடால் சீவுவதும் அமிலப் பிளாஸ்திரி ஒட்டுவதும் மேல்தோலை எடுக்கும், அழுத்தம் அப்படியே இருக்கும். அதனால் திரும்பத் திரும்ப அதே இடத்தில் வரும். ஆணி எந்த இடத்தில் வந்திருக்கிறதோ அந்த இடத்தில் காலணி என்ன செய்கிறது என்று உள்ளே கைவிட்டுத் தடவிப் பாருங்கள், பெரும்பாலும் ஒரு தையல் மேடோ மடிப்போ கையில் அகப்படும். நகம் சதைக்குள் இறங்குவதும் இதே நெருக்கலால் மோசமாகும். நகத்தை ஓரங்களில் வளைத்து வெட்டாமல் நேராக வெட்டுங்கள்.

தட்டைப் பாதம் நோயா?

பெரும்பாலும் இல்லை. குழந்தைகளின் பாதம் தட்டையாகத்தான் இருக்கும். உள்ளங்காலில் கொழுப்பு நிறைந்திருக்கும், தசைநார்கள் தளர்வாக இருக்கும். வளைவு பல வருடங்களில் மெல்ல உருவாகிறது, சிலருக்குப் பத்து வயதுவரைகூட ஆகலாம். பெற்றோர் இதைப் பார்த்துக் கவலைப்பட்டு விலை உயர்ந்த திருத்தக் காலணிகள் வாங்குவதுண்டு. 1989இல் வெளியான ஓர் ஆய்வில், வளையக்கூடிய தட்டைப் பாதம் உள்ள குழந்தைகளுக்கு மூன்று ஆண்டுகள் திருத்தக் காலணிகளும், காலணிக்குள் பாதத்தைத் தாங்க வைக்கும் உள்வைப்புகளும் கொடுத்துப் பார்த்தார்கள். எதுவும் கொடுக்காத குழந்தைகளின் பாதங்களும் அதே அளவு முன்னேறியிருந்தன. இந்தியாவில் 2,300 குழந்தைகளின் பாதச் சுவடுகளை எடுத்துச் செய்த ஆய்வு 1992இல் வந்தது. காலணி போடும் குழந்தைகளில் 8.6 சதவீதம் பேருக்கும், போடாதவர்களில் 2.8 சதவீதம் பேருக்கும் தட்டைப் பாதம் இருந்தது. விரல் பக்கம் மூடிய காலணி போட்ட குழந்தைகளிடம்தான் அது அதிகம். சிறு குழந்தை பத்திரமான இடத்தில் வெறுங்காலோடு ஓடியாடுவது பாதத்துக்கு நல்லது என்று நான் தயங்காமல் சொல்வேன்.

கவனிக்க வேண்டியது எதை? குழந்தையை நுனிக்காலில் நிற்கச் சொல்லுங்கள். வளைவு எழும்பி, குதிகால் உள்பக்கமாகத் திரும்பினால் அது வளையும் பாதம், வலி இல்லாதவரை எதுவும் செய்ய வேண்டாம். நுனிக்காலில் நின்றும் தட்டையாகவே, விறைப்பாக இருந்தால், அல்லது வலி இருந்தால், மருத்துவரிடம் காட்ட வேண்டும். எலும்புகள் ஒன்றோடொன்று இணைந்திருக்கலாம்.

பெரியவர்கள் விஷயம் வேறு. நடுவயதில் ஒரு பாதம் மட்டும் புதிதாகத் தட்டையாகத் தொடங்கி, உள்கணுக்காலுக்குக் கீழே வலியும் வீக்கமும் இருந்தால், வளைவைத் தூக்கிப் பிடிக்கும் தசைநாண் பழுதாகிக்கொண்டிருக்கலாம். பின்னாலிருந்து பார்க்கும்போது அந்தக் காலில் மட்டும் வெளிப்பக்கமாக அதிக விரல்கள் தெரியும், ஒற்றைக் காலில் நின்று குதிகாலைத் தூக்குவது கஷ்டமாக இருக்கும். இதைத் தள்ளிப்போடாதீர்கள். ஆரம்பத்தில் பிடித்தால் வளைவைத் தாங்கும் காலணி, உள்வைப்பு, பயிற்சி ஆகியவற்றாலேயே பலரால் சமாளிக்க முடிகிறது.

கையில் எடுத்துச் சோதித்துப் பாருங்கள்

காலணியைப் பற்றி அதன் பெட்டியில் என்ன அச்சிட்டிருந்தாலும் சரி, கையால் ஒரு நிமிடம் சோதித்தால் அதைவிட அதிகம் தெரியும்.

முதலில் குதிகால் பகுதியைப் பின்னாலிருந்து இரண்டு விரல்களால் இறுக்கிப் பிடியுங்கள். காகிதம் மாதிரி உள்ளே அமுங்கினால் அது குதிகாலைப் பிடிக்கப்போவதில்லை. அடுத்து முனையையும் குதிகாலையும் இரண்டு கைகளால் பிடித்து வளையுங்கள். விரல்களின் அடிமூட்டு வரும் இடத்தில், அதாவது முன்பக்க மூன்றில் ஒரு பங்கில் மடங்க வேண்டும். சரியாக நடுவில் இரண்டாக மடிந்தால் வேண்டாம், உங்கள் வளைவுக்கு எந்தத் துணையும் அங்கே இல்லை. அப்புறம் ஈரத்துணி பிழிகிற மாதிரி முறுக்குங்கள். லேசாக முறுக்கிக்கொடுத்து நின்றுவிட வேண்டும், முழுக்கத் திருகிக்கொண்டு போகக் கூடாது.

கட்டைவிரலால் உள்சோலை அழுத்தினால் எளிதில் புதைந்துபோகிற காலணியைத்தான் பலர் நல்லது என்று எடுக்கிறார்கள். கடையில் நிற்கும் பத்து நிமிடத்துக்கு அது சுகமாகத்தான் இருக்கும். ஆனால் கட்டைவிரலுக்கே புதைகிற பஞ்சு உங்கள் முழு எடைக்கு ஒட்டிப்போய்விடும், அப்புறம் கால் தரையில் நிற்பதுபோலத்தான். மேலே மெல்லிய மென்மை, அதற்கு அடியில் எடை வைத்தாலும் உருக்குலையாத அடுக்கு, இதுதான் நல்ல அமைப்பு. அதிகம் புதையும் பரப்பில் பாதம் ஆடிக்கொண்டே இருப்பதால் கணுக்கால் தசைகளும் விரைவில் களைக்கும், வயதானவர்களுக்குத் தடுமாற்றமும் வரலாம்.

பின்பட்டை இல்லாத செருப்பை நாள் முழுக்கப் போட்டு நடக்கிறவர்கள் தங்கள் விரல்களைக் கவனிக்கட்டும். செருப்பு நழுவாமல் இருக்க விரல்கள் ஒவ்வோர் அடியிலும் கொக்கி மாதிரி மடங்கிப் பிடிக்கின்றன. குளியலறைக்கும் வாசலுக்கும் அது போதும். நெடுநேர நடைக்குப் பின்னால் ஒரு பட்டையும், மேலே இறுக்கித் தளர்த்த லேஸோ ஒட்டுப்பட்டையோ இருக்க வேண்டும். பாதம் காலையிலும் மாலையிலும் ஒரே பருமனில் இருப்பதில்லை.

பழைய காலணியைக் கவிழ்த்துப் பார்த்தாலும் நிறையத் தெரியும். குதிகாலின் வெளிப்பக்க ஓரம் சற்றுத் தேய்ந்திருப்பது இயல்பு. உள்பக்கம் மட்டும் அதிகம் தேய்ந்திருந்தால், அல்லது மேசையில் வைத்துப் பின்னாலிருந்து பார்க்கும்போது காலணி உள்பக்கமாகச் சரிந்திருந்தால், அந்தப் பாதம் அந்தப் பக்கம்தான் சாய்ந்துகொண்டிருக்கிறது. இரண்டு காலிலும் தேய்மானம் வேறுவேறாக இருந்தால் அதுவும் கவனிக்க வேண்டியதே. மருத்துவரிடம் போகும்போது பழைய காலணியையும் எடுத்துப் போங்கள்.

அளவு எடுப்பது

பல வருடங்களுக்கு முன்னால் போட்ட நம்பரையே இன்றும் கேட்டு வாங்குகிறோம். வயதாக ஆகத் தசைநார்கள் தளர்ந்து பாதம் நீளமாகவும் அகலமாகவும் ஆகிறது. பேறுகாலத்துக்குப் பிறகு பாதம் ஒரு சுற்றுப் பெரிதாகிவிட்ட பெண்கள் பலர். 1920களில் அமெரிக்காவில் சார்லஸ் பிரானாக் உருவாக்கிய அளவுகோல் மூன்றை அளக்கிறது: பாதத்தின் நீளம், அகலம், குதிகாலிலிருந்து பெருவிரல் அடிமூட்டு வரையுள்ள தூரம். மூன்றாவது அளவு சரியாக இருந்தால்தான் காலணி மடங்கும் இடமும் கால் மடங்கும் இடமும் ஒன்றாக அமையும். வெறும் நம்பரில் இதெல்லாம் அடங்குவதில்லை. அதோடு ஐரோப்பிய அளவில் ஒரு நம்பருக்கும் அடுத்ததற்கும் 6.7 மில்லிமீட்டர் வித்தியாசம், பிரிட்டிஷ் அளவில் 8.5 மில்லிமீட்டர். காலணியைச் செய்யப் பயன்படுத்தும் கால் வடிவ அச்சும் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறுகிறது.

ஆகவே மாலையில், கால் சற்று வீங்கியிருக்கும் நேரத்தில் வாங்கப் போங்கள். எந்தக் காலுறையோடு போடப்போகிறீர்களோ அதைப் போட்டுக்கொண்டே இரண்டு கால்களிலும் போட்டு, எழுந்து நின்று பாருங்கள். இரண்டில் பெரிய பாதத்துக்கு அளவு பாருங்கள். மிக நீண்ட விரலுக்கு முன்னால் ஒரு சென்டிமீட்டர் இடம் வேண்டும். சிலருக்குப் பெருவிரலைவிட இரண்டாம் விரல் நீளம், அதை மறந்துவிடுவார்கள். அகலம் சரியா என்று தெரிய வேண்டுமா, உள்சோலைக் கழற்றித் தரையில் போட்டு அதன்மேல் வெறுங்காலோடு நில்லுங்கள். பாதம் ஓரங்களைத் தாண்டி வழிந்தால் அந்தக் காலணி உங்களுக்கு இல்லை. "போடப்போட இளகிவிடும்" என்று விற்பனையாளர் சொல்வார். இறுக்கமான காலணி இளகுவதற்குள் விரல்தான் கொப்பளிக்கும்.

ஓட்டக் காலணிகளை ஏறக்குறைய 500 முதல் 800 கிலோமீட்டரில் மாற்றச் சொல்வார்கள். மேல்பாகம் புதிதாகவே இருந்தாலும் நடு அடுக்கின் நுரை தளர்ந்துவிடும். பக்கவாட்டில் நுரையில் சுருக்கக் கோடுகள் நிரந்தரமாக விழுந்திருந்தால் அதன் வேலை முடிந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

உள்வைப்பு வாங்கலாமா?

குதிகால் வலிக்கு, கடையில் ஆயத்தமாகக் கிடைக்கும் உறுதியான உள்வைப்புக்கும் பாதத்தை அச்செடுத்துச் செய்யும் விலை உயர்ந்ததற்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்றே ஆய்வுகள் காட்டுகின்றன. எனவே முதலில் சாதாரணமானதை வாங்கிச் சில வாரங்கள் பாருங்கள். பாதம் கோணியிருப்பவர்கள், புண் வந்தவர்கள், மூட்டு வாதத்தால் உருமாறிய பாதம் உள்ளவர்கள் ஆகியோருக்குத்தான் அச்செடுத்துச் செய்வது அவசியமாகிறது. உள்வைப்பைப் போட்டால் காலணிக்குள் இடம் குறையும் என்பதையும் யோசித்து வாங்குங்கள். முதல் நாளே எட்டு மணி நேரம் போடாமல், ஒன்றிரண்டு மணி நேரத்தில் தொடங்கிக் கூட்டிக்கொண்டு போங்கள்.

தாங்கிப் பிடிக்கும் காலணியையே போட்டால் பாதம் சோம்பேறியாகிவிடாதா என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்வி. வலி இருக்கும்போது துணை வேண்டும், கூடவே பாதத்தின் தசைகளுக்கு வேலையும் வேண்டும். விரல்களை மடக்காமல் உள்பக்க வளைவை மட்டும் மேலே சுருக்கிப் பிடிப்பது, படியின் விளிம்பில் நின்று குதிகாலை மெல்லத் தூக்கி இறக்குவது போன்ற பயிற்சிகள் இதற்கு உதவும். மெல்லிய சோல் காலணிக்கு மாற ஆசைப்படுகிறவர்கள் மாதக்கணக்கில், கொஞ்சம் கொஞ்சமாக மாற வேண்டும். அவசரப்பட்டு மாறினால் முன்பாத எலும்புகளில் நுண்விரிசல் விழும் ஆபத்து உண்டு.

வலி தெரியாத பாதம்

இதுவரை சொன்னதெல்லாம் வலிக்கும் பாதத்தைப் பற்றி. வலிக்காத பாதம் அதைவிட ஆபத்தானது. நீண்ட நாள் சர்க்கரை நோயில் பாத நரம்புகள் பழுதானால் சூடும் குத்தலும் தெரியாது. காலணிக்குள் ஒரு சிறு கல் கிடந்தாலும் நாள் முழுக்க அதை மிதித்துக்கொண்டே நடப்பார்கள். மாலையில் காலுறையில் ரத்தக் கறையைப் பார்த்த பிறகுதான் தெரியவரும்.

இந்த உண்மை முதலில் தெளிவானது தொழுநோய் சிகிச்சையில். 1946 முதல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பணியாற்றிய பால் பிராண்ட் என்ற அறுவை மருத்துவர், தொழுநோயாளிகளின் கால் புண்களுக்குக் காரணம் சதை அழுகுவது இல்லை, வலி தெரியாமல் அதே இடத்தை மீண்டும் மீண்டும் மிதிப்பதுதான் என்று காட்டினார். மிதியின் அழுத்தத்தைப் பரப்பிவிட்டால் புண் வராமல் தடுக்கலாம் என்பது அதிலிருந்து வந்தது. எம்.சி.ஆர். எனப்படும் நுண்துளை ரப்பர் செருப்புகள் இந்த அடிப்படையில்தான் இயங்குகின்றன. உள்ளே மென்மையான ரப்பர், வெளியே முள்ளும் ஆணியும் ஏறாத கெட்டியான சோல். காலில் குத்திவிடும் என்பதால் அந்தச் செருப்பில் ஆணி அடிக்காமல் ஒட்டியும் தைத்தும்தான் செய்வார்கள். சர்க்கரை நோயாளிகளுக்கும் இன்று இதே வகைச் செருப்புகள் பரிந்துரைக்கப்படுகின்றன.

சர்க்கரை நோய் உள்ளவர்கள் ஆண்டுக்கு ஒரு முறையாவது பாதத்தைச் சோதித்துக்கொள்ள வேண்டும். 10 கிராம் விசையில் வளையும் ஒரு மெல்லிய நைலான் இழையை உள்ளங்காலில் சில இடங்களில் தொட்டு, தெரிகிறதா என்று கேட்பார்கள், வலிக்காது. வீட்டில் தினமும் உள்ளங்காலைக் கண்ணாடி வைத்தாவது பாருங்கள், பார்வை மங்கியிருந்தால் வீட்டில் ஒருவர் பார்த்துச் சொல்லட்டும். ஒவ்வொரு முறையும் போடுவதற்கு முன் காலணியைக் கவிழ்த்துத் தட்டி, உள்ளே கைவிட்டுத் தடவுங்கள். கால் ஆணியை வீட்டில் நீங்களே வெட்டவே வேண்டாம்.

எப்போது மருத்துவரிடம் போவது? அடிபட்ட பிறகு நான்கு அடி எடுத்து வைக்க முடியவில்லை என்றால் எக்ஸ்ரே தேவை. பெருவிரல் மூட்டு ஒரே இரவில் சிவந்து, துணி பட்டாலே வலிக்கும் அளவுக்கு வீங்கினால் கவுட் (யூரிக் அமிலம் மூட்டில் படிவதால் வரும் வாதம்) ஆக இருக்கலாம், அதற்குக் காலணி மாற்றிப் பயனில்லை. கொஞ்ச தூரம் நடந்ததும் கெண்டைக்கால் பிடித்து, நின்றால் சரியாகிறது என்றால் ரத்த ஓட்டத்தைப் பார்க்க வேண்டும். இரவில் எழுப்பிவிடும் வலி, மரத்துப்போதல், சில வாரங்களாக ஆறாத எந்தப் புண்ணும் காட்ட வேண்டியவையே. சர்க்கரை நோய் உள்ளவருக்குப் புண் வந்தால் ஒரு வாரம்கூடக் காத்திருக்கக் கூடாது. அவர்களுக்கு ஒரு பாதம் மட்டும் சிவந்து, வீங்கி, மற்றப் பாதத்தைவிடச் சூடாக இருந்தால், வலி இல்லாவிட்டாலும் அது ஷார்கோ பாதத்தின் தொடக்கமாக இருக்கலாம். உணர்வற்ற எலும்புகள் எடையில் நொறுங்கத் தொடங்கும் நிலை அது. ஆரம்ப எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாமலும் போகும். அந்தக் காலை ஊன்றுவதை நிறுத்திவிட்டு அன்றைக்கே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.